பனிமலையில் பிழைத்தது யார்? ‘உறுதி இருந்தால் தப்பிக்கலாம்’ என்ற விளக்கத்தைக் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்

‘சொசைட்டி ஆஃப் த ஸ்னோ’ படம் 2023 கடைசியில் வந்ததிலிருந்து ஒரு வாசகம் திரும்பத் திரும்பக் காதில் விழுகிறது. “அவங்க ரக்பி ஆட்டக்காரங்க, அதனாலதான் பிழைச்சாங்க.” இதற்கே இன்னொரு வடிவமும் உண்டு: “மன உறுதி இருந்தா எதையும் தாண்டலாம்.” யூடியூப் விமர்சனங்களில் வருகிறது, வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் வருகிறது, ஆபீஸில் நடக்கும் ‘வெல்னெஸ்’ வகுப்புகளில் ஸ்லைடாகவும் வருகிறது. தினமும் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி, பத்து நிமிடம் தியானம், பேரிடர் வந்தாலும் நீங்கள் தப்பிப்பீர்கள் என்கிற மாதிரி.

உடற்பயிற்சி நல்லதுதான், அதில் சண்டை இல்லை. ஆனால் இந்த விளக்கத்துக்கு மறுபக்கம் ஒன்று இருக்கிறது. பிழைத்தவர்கள் உறுதியால் பிழைத்தார்கள் என்றால், செத்தவர்கள் உறுதி இல்லாமல் செத்தார்கள் என்றாகிறது. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் கணக்கு அங்கேதான் போய் நிற்கும். அதனால் இந்த விளக்கம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நான் மருத்துவனும் இல்லை, மலையேறியும் இல்லை, சாஃப்ட்வேர் ஆள். ஒரு விளக்கம் டேட்டாவோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க மட்டும் தெரியும். இங்கே செய்வது அவ்வளவுதான்.

நடந்தது என்ன?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1972 அக்டோபர் 13. உருகுவே விமானப்படையின் 571-ஆம் எண் விமானம், 45 பேருடன் அர்ஜென்டினாவின் மெண்டோசாவிலிருந்து சிலியின் சாண்டியாகோவுக்குக் கிளம்பியது. பயணிகளில் ‘ஓல்டு கிறிஸ்டியன்ஸ்’ ரக்பி கிளப் அணியினரும், அவர்களுடைய நண்பர்களும் உறவினர்களும் இருந்தார்கள். ஆண்டிஸ் மலைத்தொடரைத் தாண்டிவிட்டோம் என்று தவறாகக் கணித்து விமானத்தைச் சீக்கிரம் இறக்கினார்கள். இறக்கை முறிந்தது, வால் பகுதி பிய்ந்து போனது, நடுப்பகுதி மட்டும் பனியில் சறுக்கிக்கொண்டு போய் ஏறக்குறைய 3,600 மீட்டர் உயரத்தில் நின்றது. சில நாட்களில் தேடுதல் நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தியை அவர்களே ஒரு சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவில் கேட்டார்கள். இருந்த சாப்பாடு கொஞ்சம் சாக்லேட், ஜாம், ஒயின் போன்றவைதான். அது தீர்ந்த பிறகு இறந்தவர்களின் உடலைத் தின்று உயிர் வாழ்ந்தார்கள். 72 நாள் கழித்து 16 பேர் மீட்கப்பட்டார்கள்.

பியர்ஸ் பால் ரீட் எழுதிய ‘அலைவ்’ புத்தகம் 1974-இல் வந்தது. அதே பெயரில் 1993-இல் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. பிழைத்தவர்கள் பலரின் பள்ளித் தோழரான பாப்லோ வியர்சி பின்னாளில் எழுதிய புத்தகத்தை வைத்துத்தான் பயோனா இப்போதைய படத்தை எடுத்தார்.

முதலில் ஒரு எளிய கணக்கு

‘ஃபிட்னெஸ்தான் காப்பாற்றியது’ என்ற வாதத்தைச் சோதிக்க, யார் எப்போது எதனால் இறந்தார்கள் என்று பிரித்தால் போதும்.

விமானம் விழுந்தபோதும் அடுத்த ஓரிரு நாளிலும் இறந்தவர்கள்: 17
விபத்தில் காயப்பட்டு ஒரு வாரத்துக்குப் பின் இறந்தவர்: 1
அக்டோபர் 29 பனிச்சரிவில் இறந்தவர்கள்: 8
நவம்பர், டிசம்பரில் மெல்ல மெல்ல நலிந்து இறந்தவர்கள்: 3
பிழைத்தவர்கள்: 16

கூட்டினால் 45.

முதல் 18 பேரின் விஷயத்தில் முடிவு செய்தது பெரும்பாலும் சீட் நம்பர். வால் பிய்ந்தபோது பின்னால் இருந்தவர்கள் வெளியே வீசப்பட்டார்கள். விமானம் நின்ற வேகத்தில் இருக்கைகள் பெயர்ந்து முன்னால் போய்க் குவிந்தன. நாண்டோ பராடோ தன் ஜன்னல் சீட்டை நண்பருக்கு விட்டுக்கொடுத்திருந்தார். அந்த நண்பர் இறந்தார், பராடோ பிழைத்தார். பராடோவுக்கும் மண்டை உடைந்து மூன்று நாள் நினைவில்லை. தேறமாட்டார் என்று நினைத்துக் குளிரான இடத்தில் கிடத்தினார்கள். அந்தக் குளிர்தான் மூளை வீக்கத்தைக் குறைத்திருக்க வேண்டும் என்று பின்னாளில் விளக்கம் சொன்னார்கள். இதில் எந்த ஜிம், எந்தத் தியானம்?

அடுத்து பனிச்சரிவு. இரவு தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் பனி கொட்டி உள்ளே நிறைந்தது. அன்றைக்கு யார் எந்த இடத்தில் படுத்திருந்தார், பக்கத்தில் தோண்டி எடுக்க ஆள் இருந்தாரா என்பதுதான் கேள்வி. ராய் ஹார்லி அந்த நொடியில் எழுந்து நின்றதால் முழுக்கப் புதையவில்லை. அவர் தோண்ட ஆரம்பித்தார், வெளியே வந்தவர் அடுத்தவரைத் தோண்டினார். அணியின் கேப்டன் மார்செலோ பெரெஸ் அந்த இரவில்தான் இறந்தார். முதல் நாளிலிருந்து எல்லோரையும் ஒழுங்குபடுத்தி, இடம் பிரித்து, சாப்பாடு பங்கிட்டவர் அவர். உடல் உறுதியும் மன உறுதியும் சேர்ந்த ஆள் யார் என்று அன்று காலை கேட்டிருந்தால் பலரும் அவரைத்தான் கை காட்டியிருப்பார்கள்.

ஆக 29 மரணங்களில் 26-ஐ இப்படி ஒதுக்கிவிடலாம். மீதி மூன்று. அவர்களில் நொகேய்ரா, எச்சவாரென் இருவருக்கும் விபத்திலேயே காலில் கடுமையான காயம். கடைசியாக மிஞ்சுவது ஒரே ஒருவர்: நூமா துர்காட்டி, 24 வயது.

துர்காட்டி விபத்தில் பெரிதாக அடிபடாதவர். கால்பந்து ஆடியவர், திடகாத்திரமானவர், ஆரம்ப நாட்களில் மற்றவர்களுக்காக ஓடி ஓடி உழைத்தவர், வழி தேடிப் போனவர்களில் ஒருவர். காலில் வந்த புண் சீழ்பிடித்தது. மனித இறைச்சியை அவரால் போதுமான அளவு சாப்பிட முடியவில்லை. டிசம்பர் 11 அன்று இறந்தார். மறுநாள்தான் கடைசிப் பயணக் குழு கிளம்பியது.

ஃபிட்னெஸ் கோட்பாட்டைச் சோதிக்கத் தகுதியுள்ள ஒரே மரணம் அந்தக் கோட்பாட்டுக்கு எதிராகப் போகிறது. இன்னொரு பக்கம், ஹாவியர் மெத்தோலுக்கு முப்பத்தைந்து தாண்டிய வயது, மலை உயரம் ஒத்துக்கொள்ளாமல் சோர்ந்தே கிடந்தவர், மனைவியைப் பனிச்சரிவில் பறிகொடுத்தவர். அவர் பிழைத்து 2015 வரை வாழ்ந்தார்.

ஒருவரை இங்கும் ஒருவரை அங்கும் வைத்துக் கோட்பாட்டை நிரூபிக்க முடியாது, உடைக்கவும் முடியாது. சரிதான். ஆனால் ‘உறுதிதான் காப்பாற்றியது’ என்று அடித்துச் சொல்ல இந்தக் கதையில் இடமே இல்லை என்பதற்கு இது போதும்.

ஆனால் அந்த நடை?

“அப்படின்னா பத்து நாள் மலை ஏறி இறங்கினது யாரு?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பராடோ, கனெஸ்ஸா, விசின்டின் மூவரும் டிசம்பர் 12 அன்று மேற்கு நோக்கிக் கிளம்பினார்கள். கயிறு இல்லை, மலையேறும் கருவி இல்லை, சரியான காலணி இல்லை. 4,500 மீட்டருக்கும் மேல் ஏறிப் பார்த்தால் எதிரே பச்சைப் பள்ளத்தாக்கு இல்லை, மறுபடியும் மலைதான். சாப்பாடு மூன்று பேருக்குப் போதாது என்று விசின்டினைத் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற இருவரும் நடந்தார்கள். பத்தாம் நாள் வாக்கில் ஆற்றுக்கு அக்கரையில் செர்ஜியோ கட்டலான் என்ற மலைநாட்டுக் கால்நடைக்காரரைப் பார்த்தார்கள். அவர் கல்லில் தாளைச் சுற்றி வீசினார், பராடோ அதில் விவரம் எழுதித் திருப்பி எறிந்தார். கட்டலான் பல மணி நேரம் குதிரையில் போய்த் தகவல் சொன்னார். டிசம்பர் 22, 23 தேதிகளில் மற்ற 14 பேரும் மீட்கப்பட்டார்கள்.

இது சாதாரண உடம்பால் முடிகிற காரியம் இல்லை. மனத்தாலும்தான். இதை நான் குறைக்கப் பார்க்கவில்லை.

ஆனால் அந்த உடம்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டு மாதம் பட்டினி கிடந்த பிறகு பழைய ரக்பி உடம்பு யாருக்கும் மிச்சமில்லை. பயணத்துக்கு என்று சிலரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுக்கு அதிகப் பங்கு இறைச்சி கொடுத்தார்கள். படுக்க நல்ல இடம் கொடுத்தார்கள். மற்ற வேலைகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். அதாவது 14 பேர் தங்கள் வயிற்றிலிருந்தும் தூக்கத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அந்த இருவரின் ஃபிட்னெஸைத் தயாரித்தார்கள். அது வீட்டிலிருந்து கொண்டுவந்த சொத்து இல்லை, அங்கேயே கூட்டாகச் செய்த பொருள்.

தூங்கும் பை இன்னொரு உதாரணம். அது இல்லாமல் முதல் இரவையே தாண்டியிருக்க முடியாது. விமானத்தின் வால் பகுதியில் கிடைத்த வெப்பக்காப்புத் துணியை வெட்டி, கையாலேயே தைத்தார்கள். பனியை வெயிலில் உருக்கித் தண்ணீராக்க, சீட்டின் பின்புறத்திலிருந்த அலுமினியத் தகட்டை வளைத்து வழி கண்டுபிடித்தவர் ஃபிட்டோ ஸ்ட்ராவ்ச். பனியில் கண் கூசாமலிருக்கக் கண்ணாடி செய்ததும் அவர்தான். கேப்டன் இறந்த பின் ஸ்ட்ராவ்ச் உறவினர் மூவரும்தான் இறைச்சி வெட்டுவது, பங்கிடுவது, வேலை பிரிப்பது எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டார்கள். மூவரும் அணியின் ஆட்டக்காரர்களாக வந்தவர்கள் இல்லை. விமானத்தில் இருந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஆட்டக்காரர்களே இல்லை. ‘ரக்பி அணி பிழைத்தது’ என்ற தலைப்பே பாதி உண்மைதான்.

என் தொழில் பாஷையில் சொன்னால், இரண்டு பேர் முன்னால் தெரிகிற ஸ்கிரீன், மற்ற 14 பேரும் பின்னால் ஓடுகிற சர்வர். டெமோவில் கைதட்டு எப்போதும் ஸ்கிரீனுக்குத்தான்.

படம் செய்ததும் செய்யாததும்

இந்த இடத்தில் பயோனாவைப் பாராட்ட வேண்டும். கதையைச் சொல்லும் குரலாக அவர் தேர்ந்தெடுத்தது பராடோவை இல்லை, துர்காட்டியை. பிழைக்காதவன் கதை சொல்கிறான். ஒவ்வொருவர் இறக்கும்போதும் பெயரும் வயதும் திரையில் வருகிறது. 1993 படத்தில் பிழைத்த ஒருவர் வயதான பின் உட்கார்ந்து நினைவுகூர்வது போல அமைத்திருந்தார்கள். அப்படி அமைத்தாலே, பார்ப்பவர் மனசு ‘இவர் எதனால் பிழைத்தார்?’ என்று காரணம் தேட ஆரம்பித்துவிடும். துர்காட்டியின் குரல் அந்தத் தேடலை முறித்துப் போடுகிறது. இவனும் நல்லவன், திடமானவன், பிழைக்கவில்லை, அவ்வளவுதான். புதிய படத்தின் மிகப் பெரிய பலம் இது.

குறையும் இருக்கிறது. அந்த 72 நாளில் பெரும்பகுதி அலுப்பான நிர்வாக வேலை. தண்ணீர் உருக்குவது, இடம் மாற்றிப் படுப்பது, பங்கு அளப்பது, தைப்பது. ரேடியோவைச் சரிசெய்ய நாள்கணக்கில் முயன்று தோற்றார்கள். காரணம் தைரியக் குறைவு இல்லை, மின்சாரம். ரேடியோவுக்குத் தேவை ஏ.சி., பேட்டரி தருவது 24 வோல்ட் டி.சி. எவ்வளவு மன உறுதி இருந்தாலும் டி.சி., ஏ.சி. ஆகாது. படம் இவற்றையெல்லாம் காட்டிவிட்டு வேகமாக நகர்கிறது; பனி, வானம், இசை, முகம் என்பவற்றில்தான் நிற்கிறது. அதனால் பார்த்துவிட்டு வருபவர் மனதில் நிற்பது ‘ஆன்ம பலம்’. கணக்கு நோட்டு நிற்பதில்லை. படத்தின் பெயரிலேயே ‘சமூகம்’ என்று இருந்தும், ஃபார்வர்டுகளில் தனிமனித வீரமாக அது மாறிப்போனதற்கு இந்தச் சாய்வும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வேறு பேரிடர்கள் என்ன சொல்கின்றன?

ஒரே சம்பவத்தை வைத்துப் பேசினால் அது ஆராய்ச்சி இல்லை. வேறு சிலவற்றையும் எடுத்துப் பக்கத்தில் வைப்போம்.

முதலில் டோனர் குழு. 1846–47 குளிர்காலத்தில் கலிஃபோர்னியாவுக்குப் போகும் வழியில் சியரா நெவாடா மலையில் பனியில் சிக்கியவர்கள். ஆண்டிஸ் போலவே பனி, பசி, கடைசியில் மனித இறைச்சி. 87 பேர், குழந்தையிலிருந்து கிழவர் வரை. டொனால்ட் கிரேசன் என்ற மானுடவியலாளர் யார் இறந்தார்கள் என்று கணக்கிட்டார். பெண்களைவிட ஆண்கள் ஏறக்குறைய இரு மடங்கு விகிதத்தில் இறந்திருந்தார்கள். உதவி தேடி மலையைக் கடந்த முன்னோடிக் குழுவைப் பாருங்கள்: தொடர்ந்து நடந்தவர்கள் 15 பேர், பத்து ஆண்கள், ஐந்து பெண்கள். எட்டு ஆண்கள் இறந்தார்கள். ஐந்து பெண்களும் பிழைத்தார்கள்.

வயதில் இளைய, கட்டுமஸ்தான, தனியாக வந்த ஆண்கள்தான் அதிகம் செத்தார்கள். ஒரு காரணம் உடலியல்: பெரிய தசை உடம்புக்கு அதிக எரிபொருள் வேண்டும், தோலடிக் கொழுப்பு பெண்களுக்கு அதிகம், குளிரையும் பசியையும் அது தாங்கும். கடின வேலையும் ஆண்கள் தலையில்தான் விழுந்தது. இன்னொன்று உறவு: குடும்பத்தோடு இருந்தவர்களைவிடத் தனியாட்கள் மோசமாக அடிபட்டார்கள். ஜிம்மில் நாம் சேர்க்கிற அதே தசைதான் அங்கே கடனாக மாறியது.

அடுத்து கப்பல்கள். ‘லூசிடானியா’ 1915-இல் டார்பிடோ தாக்கி 18 நிமிடத்தில் மூழ்கியது. ‘டைட்டானிக்’ 1912-இல் மூழ்க எடுத்தது 2 மணி 40 நிமிடம். ஃப்ரே, சாவேஜ், டோர்க்லர் என்ற மூன்று பொருளியலாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு 2010-இல் எழுதினார்கள். லூசிடானியாவில் 16 முதல் 35 வயதுக்காரர்களுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல். டைட்டானிக்கில் பெண்கள், குழந்தைகள், முதல் வகுப்புப் பயணிகளுக்குக் கூடுதல். நேரம் இருந்தபோது சமூக விதி வேலை செய்தது, நேரம் இல்லாதபோது கால் வேகம் வேலை செய்தது.

1994-இல் பால்டிக் கடலில் மூழ்கிய ‘எஸ்டோனியா’ கப்பலில் இதன் உச்சம் தெரிகிறது. 989 பேரில் பிழைத்தவர்கள் 137. அவர்களில் 111 பேர் ஆண்கள், 26 பேர் பெண்கள். 12 வயதுக்குக் கீழே ஒரு குழந்தைகூடப் பிழைக்கவில்லை. கப்பல் வேகமாகச் சாய்ந்ததால் படிக்கட்டும் நடைபாதையும் சுவர் மாதிரி ஆகிவிட்டன. பிடித்து ஏறக் கைவலு வேண்டியிருந்தது. இங்கே ஃபிட்னெஸ் கோட்பாட்டுக்கு முழு மார்க் கொடுக்கிறேன்.

ஆனால் மார்க் கொடுத்துவிட்டு ஒன்று கேட்கத் தோன்றுகிறது. ஏழு வயதுக் குழந்தை ‘ஃபிட்’ இல்லாததால் செத்தது என்று சொல்வோமா? அலையில் பிய்ந்து போன முன்பக்கக் கதவைப் பற்றிப் பேசுவோமா?

மூன்றாவது, சிகாகோ வெப்ப அலை, 1995 ஜூலை. வழக்கத்தைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். எரிக் க்ளைனென்பெர்க் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். பக்கத்துப் பக்கத்து வட்டாரங்களான நார்த் லான்டேல், சவுத் லான்டேல் இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்களும் ஏழைகளும் ஒப்பிடத்தக்க அளவில் இருந்தார்கள். ஆனால் முதலாவதில் இறப்பு விகிதம் பத்து மடங்கு. வித்தியாசம் உடம்பில் இல்லை, தெருவில். ஒன்றில் கடைகள், நடமாட்டம், எட்டிப் பார்க்கும் அண்டைவீட்டார். மற்றதில் மூடிய கடைகள், காலி மனைகள், வெளியே வரப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட முதியவர்கள். தனியாக வாழ்ந்த முதியவர்களில் பெண்களே அதிகம், ஆனால் இறந்ததில் ஆண்கள் அதிகம். தொடர்புகளைக் காப்பாற்றி வைத்திருந்தது பெண்கள்.

நம் கரையில்

பயோனா இதற்கு முன் 2012-இல் எடுத்த ‘த இம்பாசிபிள்’ படமும் பேரிடர் படம்தான். 2004 சுனாமியில் தாய்லாந்தில் சிக்கிய ஒரு வெளிநாட்டுக் குடும்பம். அதே அலை, அதே நாள் நம் கரையிலும் அடித்தது. ஆக்ஸ்ஃபாம் 2005-இல் வெளியிட்ட அறிக்கையில் உள்ள எண்கள்: நாகப்பட்டினத்தில் இறந்த பெண்கள் 2,406, ஆண்கள் 1,883. கடலூரில் பெண்கள் 391, ஆண்கள் 146.

கடலூரில் இரண்டரை மடங்குக்கும் மேல். மீனவப் பெண்கள் பலவீனமானவர்களா? கூடையில் மீனைத் தலையில் சுமந்து ஊர் ஊராக நடப்பவர்கள் அவர்கள். ஆபீஸ் ஜிம்மில் ஓடுகிற என்னைப் போன்றவர்கள் அந்தச் சுமையோடு இரண்டு தெரு தாங்க மாட்டோம். அன்று காலை ஆண்கள் பலர் கடலுக்குள் போயிருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி அலை படகுக்கு அடியில் தெரியாமலே கடந்து போகும். பெண்கள் கரையில் மீன் வரக் காத்திருந்தார்கள், அல்லது வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். கையில் ஒரு குழந்தை, இடுப்பில் ஒரு குழந்தை. சேலை காலில் சுற்றிக்கொள்ளும். நீச்சல் ஆண் பிள்ளைகளுக்குக் கடலிலேயே வந்துவிடுகிறது, பெண் பிள்ளைகளைக் கடலில் இறங்க விடுவதில்லை. இதில் எது ஃபிட்னெஸ், எது நாம் போட்ட விதி?

அதே நாளில் இந்தோனேசியாவின் சிமெலுவே தீவு நிலநடுக்க மையத்துக்கு மிக அருகில் இருந்தது. அலை பத்து நிமிட அளவில் வந்துவிட்டது. 78,000 பேர் அளவில் வாழ்ந்த தீவு அது. இறந்தவர்கள் ஏழு பேர். 1907-இல் அங்கே ஒரு சுனாமி வந்திருந்தது. ‘ஸ்மோங்’ என்று அதற்குப் பெயர் வைத்து, தரை ஆடிக் கடல் பின்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்று பாட்டிகளும் தாத்தாக்களும் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறார்கள். கிழவிகளும் குழந்தைகளும் சேர்ந்தே ஏறினார்கள். அங்கே பிழைக்க வைத்தது ஒரு கதை.

மன உறுதி என்பதை எப்படி அளப்பது?

உடம்பையாவது அளக்கலாம். மன உறுதி விஷயத்தில் சிக்கல் பெரிது. பெரும்பாலும் அது முடிவைப் பார்த்துவிட்டு ஒட்டப்படும் லேபிள். பிழைத்தால் ‘உறுதி இருந்தது’, இறந்தால் ‘விட்டுவிட்டார்’. தோற்கவே முடியாத கோட்பாடு எதையும் விளக்குவதில்லை. போதாததற்கு, நமக்குச் சாட்சி சொல்வது பிழைத்தவர்கள் மட்டும்தான். கிராஷ் ஆன சர்வர் லாக் அனுப்பாது. பனியில் இறந்தவர்களும் நாம் பிழைப்போம் என்று அதே வேகத்தோடு நம்பியிருக்கலாம், அதைக் கேட்க வழியில்லை.

சோதிக்கக்கூடிய வடிவம் ஒன்று இருக்கிறது. ஜான் லீச் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் பேரிடர் நேர நடத்தையை ஆராய்ந்தார். அவர் சொல்வது: மிகச் சிலரே தெளிவாக இயங்குகிறார்கள், ஒரு சிறு பகுதி கட்டுப்பாடு இழக்கிறது, பெரும்பான்மையோர் உறைந்து போகிறார்கள். எஸ்டோனியாவிலும் வழி இருந்தும் அசையாமல் நின்றவர்களைப் பிழைத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். இது கோழைத்தனம் இல்லை. புதிய சூழ்நிலைக்கு மூளை புதிதாகத் திட்டம் போட நேரம் எடுக்கும், அந்த நேரம் அங்கே கிடைப்பதில்லை. ஏற்கெனவே பழகிய திட்டம் ஒன்று உள்ளே இருந்தால் தாமதம் குறையும். அமாண்டா ரிப்லி ‘த அன்திங்கபிள்’ புத்தகத்தில் இதைத்தான் விரிவாக எழுதுகிறார்.

அவர் சொல்லும் ரிக் ரெஸ்கோர்லா கதை முக்கியம். நியூயார்க் உலக வர்த்தக மையத்தில் மார்கன் ஸ்டான்லி நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவர். 1993 குண்டுவெடிப்புக்குப் பிறகு, எல்லோரும் முணுமுணுத்தாலும் விடாமல், படிக்கட்டு வழியாக இறங்கும் ஒத்திகையை நடத்திக்கொண்டே இருந்தார். 2001 செப்டம்பர் 11 அன்று அங்கிருந்த ஏறக்குறைய 2,700 ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் இறங்கித் தப்பித்தார்கள். ரெஸ்கோர்லா மிச்சமிருப்பவர்களைத் தேடி மேலே போனார், திரும்பவில்லை. அப்போது அவருக்கு 62 வயது, புற்றுநோய்க்குச் சிகிச்சையில் இருந்தார். எந்த வெல்னெஸ் ஸ்லைடின் கணக்கிலும் அவர் ஃபிட் இல்லை. தப்பித்த 2,700 பேரும் தனித்தனியாக மன உறுதி மிக்கவர்களும் இல்லை. படிக்கட்டு எங்கே இருக்கிறது என்று கால்களுக்குத் தெரிந்திருந்தது.

என் முடிவு

இத்தனையையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் சித்திரம் இது. பேரிடர் எவ்வளவு வேகமாக வருகிறதோ அவ்வளவு உடம்பு எண்ணப்படுகிறது. லூசிடானியாவும் எஸ்டோனியாவும் அப்படி. எவ்வளவு மெதுவாக வருகிறதோ அவ்வளவு கூட்டமைப்பும் உறவும் எண்ணப்படுகின்றன; ஆண்டிஸ், டோனர், சிகாகோ எல்லாம் அப்படி. வேகமானதிலும்கூட, முன்கூட்டியே பழகிய அறிவு உடம்பை முந்திவிடும் என்பதற்கு சிமெலுவே சாட்சி. எல்லாவற்றுக்கும் அடியில் அதிர்ஷ்டம் இருக்கிறது: எந்த சீட், எந்த இடத்தில் படுக்கை, அந்த மணிக்கு எங்கே நின்றோம்.

இந்தச் சித்திரத்தில் உடற்பயிற்சிக்கும் இடம் உண்டு. நாலு மாடி இறங்க மூச்சு இருக்க வேண்டும், முடியாத ஒருவரைத் தூக்கவும் தெம்பு வேண்டும். தினமும் நடங்கள், ஓடுங்கள். ஆனால் ‘நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள், பிழைப்பாய்’ என்று சொல்வது மலிவான அறிவுரை. அதற்கு மாநகராட்சி எதுவும் செய்ய வேண்டாம், கம்பெனி ஒத்திகை நடத்த வேண்டாம், பெண் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். எல்லாப் பொறுப்பும் தனி ஆளின் தொடைத் தசையில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதனால்தான் இந்த விளக்கம் ஸ்லைடுகளுக்கு இவ்வளவு பிடித்திருக்கிறது என்பது என் சந்தேகம்.

அடுத்த முறை யாராவது ஆண்டிஸ் கதையை உறுதிக்கு உதாரணமாகச் சொன்னால், அவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். நடந்து போன இருவருக்கும் அந்த இறைச்சியை யார் அளந்து கொடுத்தது? நூமா துர்காட்டியிடம் என்ன குறை இருந்தது? முதல் கேள்விக்கு விடை சொல்ல அவர் கதையை முழுசாகத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும். இரண்டாவதுக்கு ஒரு புண் என்பதைத் தவிர வேறு விடை இல்லை.